அப்பாவின் பழைய கொம்பியூட்டர் எழும்பவில்லை, உள்ளே இருக்கும் காணிப் பெயர்ப் பட்டியலை எப்படி எடுப்பது?

அளவெட்டி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் மேசைக் கொம்பியூட்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், 2004இல், கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. பென்ரியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். கனகாலம் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். இப்போது சுவிட்சை அமத்தினால் பின்பக்க விசிறி ஒருமுறை உதறிவிட்டு நின்றுவிடுகிறது. மொனிற்றர் கறுப்பாகவே இருக்கிறது, பீப் சத்தமும் இல்லை.

பெட்டி எனக்குப் பெரிதில்லை. அதற்குள் அப்பா தட்டிய காணிப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த சனம் மல்லாகம், சுன்னாகம் பக்கம் முகாம்களிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் இருந்தார்கள் அல்லவா? வீட்டை விட்டு ஓடும்போது பலர் எடுத்துக்கொண்டு ஓடியது காணி உறுதிப் பத்திரத்தைத்தான். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், பழைய உறுதிகளின் கையெழுத்தை வாசிக்கக்கூடியவர். வாசித்துச் சொல்லும்படி வருபவர்களிடம் கேட்டு, காணியின் பெயர், அளவு எத்தனை பரப்பு, எத்தனை குழி, நாலு பக்கத்து எல்லை, எந்தக் குறிச்சி என்று கொப்பியில் எழுதி வைத்தார். பிறகு அதையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றினார். கொப்பிகளைக் கறையான் அரித்துவிட்டது.

இராணுவத்திடமிருந்து காணிகள் விடுபட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் இப்போதும் வந்து கேட்கிறார்கள். வேலி இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, எல்லைக்கு நின்ற பனைகளும் இல்லை. பெயர் மட்டும்தான் மிச்சம். அப்பாவுக்கு இப்போது எல்லாம் ஞாபகத்தில் நிற்பதில்லை.

நகரில் ஒரு கடையில் காட்டினேன். மதர்போர்ட் முடிந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க்கை ஃபோர்மட் அடித்து வேறு பெட்டியில் போட்டுத் தரலாம் என்றார்கள். ஃபோர்மட் என்ற சொல்லைக் கேட்டதும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். என்ன செய்யலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வயர்க்காரன்:

தங்கச்சி, திருப்பிக் கொண்டுவந்தது மிக நல்ல காரியம். இனி அந்தச் சுவிட்சை அமத்தவே வேண்டாம். பிளக்கையும் கழற்றி விடுங்கள்.

கொம்பியூட்டர் எழும்பாமல் போவது வேறு, ஹார்ட் டிஸ்க் பழுதாவது வேறு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நோய் பவர் சப்ளையில் அல்லது மதர்போர்டில் இருக்கிறது. பவர் சப்ளை கரண்ட் கொடுக்கத் தொடங்குகிறது. எங்கேயோ ஷோர்ட் இருக்கிறது, அல்லது தன் வோல்ற்றேஜே சரியாக ஏறவில்லை. அது தெரிந்ததும் தானாக நிறுத்திக்கொள்கிறது. அதுதான் விசிறி உதறி நிற்பது. அப்பா தட்டியதெல்லாம் ஹார்ட் டிஸ்க்கின் காந்தத் தட்டில் இருக்கிறது. மதர்போர்ட் செத்தாலும் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கெட்ட பவர் சப்ளையைத் திரும்பத் திரும்பப் போட்டால், 5 வோல்ற் அல்லது 12 வோல்ற் கம்பியில் அளவுக்கு மிஞ்சி ஏறி, டிஸ்க்கின் அடியில் உள்ள பலகையைச் சுட்டுவிட வழி இருக்கிறது. அப்படி நடந்தால்தான் கதை கஷ்டமாகும்.

பிளக் கழன்ற நிலையில் சுவிட்சைச் சில செக்கன் அமத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் போய்விடும். பிறகு இடப்பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஒன்றையும் தொடாமல் ரோச் அடித்துப் பாருங்கள். மதர்போர்டில் சின்ன உருளைகள் நிரையாக நிற்கும், அவை கப்பாசிற்றர். அவற்றின் தலை தட்டையாக இருக்கிறதா, பொம்மிப்போய் இருக்கிறதா? ஹார்ட் டிஸ்க்குக்குப் போவது அகலமான பட்டை வயரா, ஒடுங்கிய வயரா? இரண்டையும் சொல்லுங்கள், முடிந்தால் படம் போடுங்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள். பவர் சப்ளை என்ற அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கவே கூடாது. நம்முடைய 230 வோல்ற் அதற்குள் நேர்மின்னாக மாறும்போது 320 வோல்ற்றைத் தாண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது உள்ளே தங்கி நிற்கலாம்.


கல்வியங்காட்டான்:

மதர்போர்டில் செருகியிருக்கும் ராம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றி, தங்க நிறப் பல்லுகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். எங்கள் உப்புக்காற்றுக்கு அதில் ஒரு படலம் பிடித்துவிடும். எங்கள் வீட்டுப் பெட்டி அப்படித்தான் எழும்பியது. மதர்போர்டில் உள்ள வட்டப் பற்றரியையும் மாற்றுங்கள், சிஆர்2032, எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.


வயர்க்காரன்:

கல்வியங்காட்டான் சொல்வது வேறு நோய்க்கு நல்ல மருந்து. விசிறி தொடர்ந்து ஓடி, படம் மட்டும் வராமல், பீப் பீப் என்று விடாமல் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது ராம்தான். பற்றரி செத்தால் திகதியும் நேரமும் மறந்துபோகும், எஃப்1 அமத்தச் சொல்லி நிற்கும், பெரும்பாலும் பெட்டி எழும்பும். இங்கே கரண்டே நிற்கவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காகத் திரும்பவும் கரண்ட் கொடுப்பதை, டிஸ்க் உள்ளே இருக்கும்வரை நான் விரும்பவில்லை.


அளவெட்டி மகள்:

திறந்தேன். தூசியும் பழைய எறும்புக் கூடும் இருந்தன. பெரிய விசிறிக்குப் பக்கத்தில் நிற்கும் உருளைகளில் சிலவற்றின் தலை வீங்கி, மேலே கபிலநிறப் பொருக்குப் பிடித்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போவது அகலப் பட்டை வயர்.


வயர்க்காரன்:

அப்படியென்றால் காரணம் தெரிந்துவிட்டது. 1999 தொடக்கம் 2007 வரை வந்த மதர்போர்டுகளில் இது பெரிய வியாதி. தரம் குறைந்த கப்பாசிற்றர்கள் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த காலம் அது. உள்ளே இருக்கும் திரவம் வாயுவாகி, தலையை வீங்க வைத்து, கடைசியில் வெடித்துக் கசியும். யாழ்ப்பாணத்துக்குத் தேசிய மின்வலையிலிருந்து கரண்ட் வராமல் உள்ளூர் ஜெனரேற்றர்களில் ஓடிய வருடங்களையும் இந்தப் பெட்டி பார்த்திருக்கிறது. கரண்ட் ஏறி இறங்கியதும் வெக்கையும் சேர்ந்து அவற்றின் ஆயுளைக் குறைத்திருக்கும்.

இப்போது ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுப்போம். பட்டை வயரையும் நாலு முள் பவர் வயரையும் தலையில் பிடித்து நேராக இழுங்கள், வயரில் பிடித்து இழுக்க வேண்டாம். இரண்டு பக்கமும் உள்ள திருகாணிகளைக் கழற்றினால் டிஸ்க் வந்துவிடும். பின்பக்கத்தில் பட்டை வயர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் குட்டி முள்ளுகளும் அதில் மாட்டிய ஒரு பிளாஸ்ரிக் மூடியும் இருக்கும், அதை ஜம்பர் என்பார்கள். எந்த முள்ளில் இருக்கிறது என்று படம் எடுத்துவிட்டு, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து மாஸ்டர் என்ற இடத்தில் வையுங்கள்.

அகலப் பட்டை வயர் போகும் வகையை ஐடிஈ என்பார்கள். ஐடிஈ டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் வாங்க வேண்டும். தனிப் பவர் செங்கல் சேர்ந்து வருவதைக் கேட்டு வாங்குங்கள். மேசைக் கொம்பியூட்டர் டிஸ்க் சுற்றுவதற்கு 12 வோல்ற் வேண்டும், யூஎஸ்பி வயரில் 5 வோல்ற்தான் வரும். செங்கல் இல்லாத சின்ன அடாப்டர் மடிக்கணினி டிஸ்க்குக்கு மட்டும் சரி.


பனங்கூடல்:

நான் கொஞ்சம் மறுத்துப் பேசப் போகிறேன். எல்லோரும் டிஸ்க்கை எடு, பெட்டியை எறி என்று சொல்லும் வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வீங்கிய கப்பாசிற்றர்களை மாற்றுவது ரேடியோ திருத்துபவருக்குப் பெரிய வேலை இல்லை. அதே மைக்ரோஃபரட், அதே அல்லது கூடிய வோல்ற், 105 பாகை தாங்குவது, குறி பார்த்து நேர், எதிர் மாறாமல் ஈயம் வைக்க வேண்டும், அவ்வளவுதான். புதிய பவர் சப்ளை ஒன்றும் போட்டால் பெட்டி எழும்பும்.

பெட்டி ஏன் வேண்டும் என்றால், அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் வேர்டில் மட்டும் வேலை செய்யவில்லை. பிறந்தநாள் மலர், கோயில் கும்பாபிஷேக மலர், நினைவு மலர் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் புரோகிராமில்தான் கட்டினார்கள். உங்கள் அப்பாவும் பட்டியலைப் புத்தகமாக்க நினைத்து அதில் போட்டிருந்தால், இன்றைய கொம்பியூட்டரில் எதைக் கொண்டு திறப்பீர்கள்? பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதற்குப் பிறகு புதிய பதிப்பே இல்லை. எழுத்துரு, விசைப்பலகை, புரோகிராம் எல்லாம் அப்பா வைத்த இடத்தில் இருக்கும் ஒரே பெட்டி இது. அதை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு ஃபைலை மட்டும் கையில் வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.


ரொறன்ரோ மருமகன்:

பனங்கூடல் அண்ணை சொல்வதில் பாதி முழு உண்மை, புரோகிராம் இல்லாத ஃபைல் பெரிய தலையிடி. பெட்டியை எறிய வேண்டாம். ஆனால் ஒழுங்கு முக்கியம். டிஸ்க்கை முழுவதுமாகப் பிரதி எடுத்து முடிக்கும்வரை பெட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. பிரதி கைக்கு வந்த பிறகு பெட்டியைத் திருத்துங்கள், ஈயம் வையுங்கள், என்னவும் செய்யுங்கள்.

பிரதி என்று நான் சொல்வது ஃபைலைக் கொப்பி பண்ணுவதை அல்ல. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை டிஸ்க்கின் உருவத்தையே ஒரு ஃபைலாக எடுப்பது. அழிந்த ஃபைல், ஒளிந்த ஃபைல், எழுத்துரு எல்லாம் அதில் வந்துவிடும். கனகாலம் சுற்றாத டிஸ்க், இந்த முறை சுற்றுவதே கடைசி முறையாக இருக்கலாம் என்று நினைத்து வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து ரசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் ஒன்றை யூஎஸ்பி பென்னில் போட்டு மடிக்கணினியை அதிலிருந்து எழுப்புங்கள். டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமை அதில் ஏற்றிக்கொள்ளுங்கள், இலவசம். அதன் அருமை என்னவென்றால், வாசிக்க முடிந்த இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களை விட்டுவிட்டுப் பிறகு திரும்பிப் போகும். விழுந்த பனம்பழத்தைப் பொறுக்கி முடித்த பிறகு மரத்தைப் பார்ப்பது போல. எந்த இடம் முடிந்தது, எந்த இடம் மிச்சம் என்று ஒரு வரைபட ஃபைலையும் எழுதிக்கொண்டே போகும். இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அந்த வரைபடத்தைத் திரும்பக் கொடுத்தால் சரி. நல்ல நிலையில் உள்ள 40 ஜிபி டிஸ்க் யூஎஸ்பி 2 அடாப்டரில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். அடாப்டரின் செங்கலை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

கட்டளை கொடுக்கும்போது எது பழைய டிஸ்க், எது பிரதி போய்ச் சேரும் டிஸ்க் என்பதை அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெறுமை வந்து எழுத்தை மூடிவிடும்.

விண்டோஸில் மாட்டிவிட்டால் இந்த டிஸ்க்கில் பிழை இருக்கிறது, திருத்தவா என்று கேட்கும், சில நேரம் ஃபோர்மட் பண்ணவா என்றும் கேட்கும். இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள். திருத்துகிறேன் என்று அது எழுதத் தொடங்கினால் மீட்கக்கூடிய ஃபைலும் சிதறும்.


கல்வியங்காட்டான்:

டிஸ்க் சுற்றாவிட்டால் பொலித்தீனில் சுற்றி ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் எழும்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கடைசி வழியாகச் செய்து பார்க்கலாமா?


வயர்க்காரன்:

தயவுசெய்து வேண்டாம். வெளியே எடுத்ததும் எங்கள் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் டிஸ்க்கின் மேலும் உள்ளும் வியர்த்து நிற்கும். தட்டுக்கும் வாசிக்கும் தலைக்கும் இடையில் இருப்பது ஒரு தலைமயிரின் தடிப்பை விடப் பல மடங்கு குறைந்த இடைவெளி. அதில் நீர்த்துளி நின்றால் தட்டுக் கீறுப்படும்.

தங்கச்சி, டிஸ்க்கைத் தட்டையாக மேசையில் வைத்து, கரண்ட் கொடுத்ததும் காதை வைத்துக் கேளுங்கள். விர்ரென்று ஏறிச் சீராக நின்றால் நல்லது. டிக், டிக் என்று ஒரே தாளத்தில் அடித்தால் உடனே கரண்டை எடுத்துவிடுங்கள், அதற்குமேல் வீட்டில் செய்ய எதுவும் இல்லை. டிஸ்க்கைத் தூசி இல்லாத அறையில் திறந்து மீட்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். செலவு பிடிக்கும், ஆனால் அதுதான் வழி. டிஸ்க்கின் மூடியை வீட்டில் திறக்கும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது.


அளவெட்டி மகள்:

அடாப்டர் கிடைத்தது. தம்பி பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், லினக்ஸ் அவன் போட்டான். டிஸ்க் சத்தமில்லாமல் சுற்றியது. எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பிரதி முழுமையாக வரவில்லை. கடைசிப் பக்கத்தில் கொஞ்ச இடம் வாசிக்க முடியாமல் நின்றது. இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் பார்க்க விட்டோம், அதில் ஒரு பங்கு பிறகு வந்தது, மிச்சம் வரவில்லை. டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டோம்.

உள்ளே அப்பாவின் ஃபோல்டர் இருக்கிறது. தெல்லிப்பழை, மாவிட்டபுரம், மயிலிட்டி, வறுத்தலைவிளான் என்று குறிச்சி குறிச்சியாகப் பிரித்து வைத்திருக்கிறார். சந்தோஷத்தில் ஒன்றைத் திறந்தேன். முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். டிஸ்க் பழுதால் ஃபைல் கெட்டுவிட்டதா?


தட்டெழுத்து:

கெடவில்லை, அக்கா. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. எங்கள் ஆட்கள் இருபது வருடத்துக்கு முன் தட்டிய பெரும்பாலான ஃபைல் இப்படித்தான் திறக்கும். பாமினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் உண்மையில் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துரு கொம்பியூட்டரில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வரும். பழைய விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபொன்ற்ஸ் என்று ஒன்று இருக்கும், அப்பா பாவித்த அதே எழுத்துருவை அங்கிருந்து எடுத்துப் புதிய கொம்பியூட்டரில் போடுங்கள். லிப்ரே ஒஃபிஸ் என்ற புரோகிராமில் திறந்தால் கண்ணுக்கு முன் தமிழ் வரும். ஃபைலைச் சேமிக்க வேண்டாம், வாசிக்க மட்டும் திறவுங்கள்.

பிறகு எல்லாக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், அப்போதுதான் தேடலாம், வரிசைப்படுத்தலாம். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் பாமினியை வடிவாக மாற்றும். சில இடத்தில் கவனம் வேண்டும். பாமினியில் கொம்பை முதலில் தட்டி எழுத்தைப் பிறகு தட்டுவோம், யூனிகோடில் எழுத்து முதல், கொம்பு பிறகு. அப்பா அவசரத்தில் ஒரு இடைவெளி விட்டிருந்தால் மாற்றி தடுமாறி, கொம்பு தனியாக நிற்கும். பட்டியலுக்குள் ஆங்கிலத்தில் எழுதிய உறுதி இலக்கம், உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர் எல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாக மாறும், அவற்றை மாற்றுவதற்கு முன் தனியாகப் பிரித்து வையுங்கள்.

சுருக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறுதியில் லாச்சம், வரகு, நெல், குழி என்ற காணி அளவுச் சொற்கள் எல்லாம் ஒற்றை எழுத்தில் இருக்கும். லாச்சம் என்பது பல குழி சேர்ந்த அளவு, வரகுக் கணக்கா நெல் கணக்கா என்பதைப் பொறுத்து அது மாறும். வரகு லாச்சத்துக்கு 18 குழி, நெல் லாச்சத்துக்கு 12 குழி. ஒரு எழுத்து மாறினால் காணியின் அளவே மாறும். மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் பழைய பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து அப்பாவை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.


பனங்கூடல்:

பேஜ்மேக்கர் ஃபைல் ஏதாவது கண்டீர்களா?


அளவெட்டி மகள்:

ஓம் அண்ணை, நீங்கள் சொன்னது போலவே இருக்கிறது. மாவிட்டபுரமும் கீரிமலையும் புத்தகமாகக் கட்டப்பட்டு அந்த ஃபைலில் மட்டும்தான் இருக்கின்றன. லிப்ரே ஒஃபிஸ் அதைத் திறக்கிறது, ஆனால் பெட்டி பெட்டியாகச் சிதறி, நிரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. எந்த எல்லை எந்தக் காணிக்கு என்று சொல்ல முடியவில்லை.


ரொறன்ரோ மருமகன்:

இன்டிசைன் என்ற பக்கம் அமைக்கும் புரோகிராமின் பழைய பதிப்புகள், சிஎஸ்6 வரைக்கும், பேஜ்மேக்கர் 6, 7 ஃபைல்களைத் திறக்கும். அச்சகங்களில் யாரிடமாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மெய்நிகர்ப் பெட்டி ஒன்றில், அதாவது கொம்பியூட்டருக்குள் புரோகிராமாக ஓடும் இன்னொரு கொம்பியூட்டரில், எக்ஸ்பி போட்டு, அதற்குள் பேஜ்மேக்கரை நிறுவலாம். பிரதி எடுத்த உருவத்தையே நேராக எழுப்பப் பார்த்தால் வன்பொருள் மாறியதால் எக்ஸ்பி நீலத் திரையில் நிற்கலாம், அதனால் புதிதாக நிறுவுவது சுகம். இன்டர்நெற்றுக்கு மட்டும் விட வேண்டாம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டது.


பனங்கூடல்:

அல்லது பெட்டியை என்னிடம் கொண்டுவாருங்கள். பிரதி இப்போது கையில் இருக்கிறது, எனக்கும் பயமில்லை. கப்பாசிற்றரும் பவர் சப்ளையும் மாற்றி, பழைய டிஸ்க்குக்குப் பதிலாக உங்கள் பிரதியை வேறொரு ஐடிஈ டிஸ்க்கில் இறக்கி மாட்டினால், அப்பாவின் பேஜ்மேக்கர் அவர் விட்ட இடத்திலேயே திறக்கும். அதே மதர்போர்ட் என்பதால் எக்ஸ்பியும் சண்டை பிடிக்காது. அச்சுக்கு அனுப்பும் வடிவில் எடுத்துத் தருகிறேன். கூலி வேண்டாம். எங்கள் அம்மாவின் காணியும் மயிலிட்டியில்தான்.


அளவெட்டி மகள்:

அண்ணை, ஞாயிற்றுக்கிழமை தம்பி கொண்டுவருவான். மிக்க நன்றி.

இன்னொரு கேள்வி. பட்டியலை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்தால் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் என்று தம்பி சொல்கிறான். 2005இலிருந்து அவர்கள் எங்கள் புத்தகங்களையும் ஆவணங்களையும் சேர்த்து வருகிறார்கள். கொடுக்க எனக்கு விருப்பம்தான், ஆனால் அதில் சனத்தின் உறுதி விவரம் இருக்கிறதே.


தட்டெழுத்து:

இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். குறிச்சி, காணிப் பெயர், பெயரின் விளக்கம், பக்கத்துக் காணியின் பெயர் இவற்றை வெளியே கொடுக்கலாம். கலட்டி, பிட்டி, வளவு, ஒல்லை என்று முடியும் ஒவ்வொரு பெயரும் அந்த நிலம் எப்படி இருந்தது என்று சொல்கிறது, அது ஊர் முழுவதற்கும் சொந்தம். உரித்தாளர் பெயர், உறுதி இலக்கம், எவ்வளவு பரப்பு என்பது அப்பாவை நம்பிக் காட்டியவர்களுடையது. காணி வழக்கு நடக்கும் ஊரில் அதை வெளியே போடக் கூடாது. அது வீட்டில் இருக்கட்டும், கேட்டு வருபவருக்கு அவருடைய காணியை மட்டும் காட்டுங்கள்.

பிரதியை ஒரே வீட்டில் வைக்கவும் வேண்டாம். ஒன்று உங்களிடம், ஒன்று தம்பியிடம், ஒன்று ஊருக்கு வெளியே உள்ள சொந்தக்காரரிடம்.


அளவெட்டி மகள்:

அப்படியே செய்கிறோம். தெல்லிப்பழைக் குறிச்சியை மாற்றி அச்செடுத்துக் கொடுத்தேன், அப்பா சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறார். வரகையும் நெல்லையும் மாற்றி எங்கேயோ இரண்டு இடத்தில் பிடித்துவிட்டார். மயிலிட்டிப் பட்டியல் அடுத்தது. அங்கே காணி உள்ளவர்கள் எல்லைப் பெயர் தெரிய வேண்டுமென்றால் எனக்குத் தனிமடல் போடுங்கள்.